இருக்கு, இருக்கு, வேணும்: பேஸ்பால் அட்டை குறித்து ஓர் ஆய்வு

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடி அலைபவர்களின் கண்ணில் படாமல் தப்பிய பொருள் ஒன்று உண்டு. அகலம் 2.5 அங்குலம், உயரம் 3.5 அங்குலம். முன்பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கோ பார்ப்பார். அவர் எத்தனை முறை அடித்தார், எத்தனை முறை கோட்டைவிட்டார் என்ற கணக்கு பின்பக்கத்தில் பொடியெழுத்தில் இருக்கும். அமெரிக்காவில் சிறுவர்களும், சிறுவயதை விட்டு நகர மறுத்த பெரியவர்களும் நூறாண்டுக்கு மேலாக இந்த அட்டையைச் சேர்க்கிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள், இதன்பொருட்டு நண்பனோடு பேசாமலும் இருக்கிறார்கள்.

ஆய்வின் கருதுகோள் வருமாறு: அட்டை சேர்ப்பவரின் இன்பம் கையில் இல்லாத அட்டையில்தான் குடியிருக்கிறது. வரலாறு, வணிகவியல், குடும்பவியல் ஆகிய துறைகளின் துணைகொண்டு இது நிறுவப்படும். புள்ளியியல் அட்டையின் முதுகிலேயே வேண்டிய அளவு அச்சாகியிருப்பதால், அத்துறையைத் தனியே தொந்தரவு செய்யவில்லை.

தோற்றத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1880களில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பாக்கெட்டில் வந்தன. அவை நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வெறும் அட்டை எதற்கு என்று அதில் நடிகைகளையும் பந்தாட்டக்காரர்களையும் அச்சிட்டார்கள். புகையிலைக்குப் பின் மிட்டாய், பிறகு சூயிங்கம் என்று துணைப்பொருள் மாறிக்கொண்டே வந்தது. வார இதழோடு வரும் இலவச இணைப்பு மாதிரி, இணைப்புக்காகவே இதழ் வாங்கும் கூட்டம் உருவானது. கடைசியில், கம்மின் கறை அட்டையில் படிகிறது என்று புகார் வந்ததால், டாப்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பாக்கெட்டிலிருந்து கம்மையே வெளியேற்றிவிட்டது. கம் விற்பதற்காக அட்டை போட ஆரம்பித்த நிறுவனம் அது. இதைவிட முழுமையான ஆட்சிக் கவிழ்ப்பு அரசியல் வரலாற்றிலும் குறைவு.

இனி ஹோனஸ் வாக்னர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப் என்ற தடுப்பிடத்தில் ஆடியவர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 520க்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டது. அதில் வாக்னரின் அட்டை மட்டும் பாதியில் நின்றது. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 60 என்கிறார்கள். நின்ற காரணம் பற்றி அறிஞர்கள் இரு சாரார். சிறுவர்கள் அட்டைக்காகப் புகையிலை வாங்கக்கூடாது என்று அந்த உத்தமர் தடுத்தார் என்பர் ஒருசாரார். படத்துக்குப் பணம் தரவில்லை, அதனால் தடுத்தார் என்பர் மற்றொரு சாரார். வாக்னர் வாயில் புகையிலை மென்றுகொண்டிருந்தவர் என்பது முதல் சாராருக்குச் சற்றே சங்கடம். எதுவானாலும், 2022இல் ஒரு வாக்னர் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அவர் தாராளமாக அனுமதி தந்திருந்தால் இன்று அவரை யார் சீந்துவார்கள்?

எஞ்சிய வாக்னர் அட்டைகளுள்ளும் ஒன்றுக்குத் தனிச் சரித்திரம் உண்டு. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி தன் அணி உரிமையாளரோடு கூட்டுச் சேர்ந்து 1991இல் 4,51,000 டாலருக்கு அதை ஏலம் எடுத்தார். விளிம்பெல்லாம் கூர்மை, மூலையெல்லாம் முழுமை. எண்பது வருஷத்துப் பழைய அட்டை இத்தனை இளமையோடு இருக்கலாமா என்று பலருக்கும் உறுத்தியது. அதை முன்னர் வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ, தானே ஓரத்தை வெட்டிச் சீர்படுத்தியதாக 2013இல் ஒப்புக்கொண்டார். அட்டை உலகில் வெட்டுவது மகாபாதகம். இருந்தும் அதன் புகழ் இறங்கவில்லை. நம் கருதுகோளுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது: அந்த அட்டையில் அதிகம் பேசப்பட்ட பகுதி, வெட்டி எறியப்பட்டு இப்போது இல்லாத அந்த நூலளவு ஓரம்தான்.

இன்மையின் மகிமையை வணிகர்கள் அறியாமலா இருப்பார்கள்? 1933இல் கௌடி கம் கம்பெனி எண்ணிட்ட அட்டைகளை வெளியிட்டது. 105 இருந்தது, 107 இருந்தது. 106 எங்கும் இல்லை. பொருளாதார மந்தத்தில் வீடே தள்ளாடிய காலத்தில், பையன்கள் காசு காசாகச் சேர்த்து, இந்தப் பாக்கெட்டில் இருக்கும், அடுத்ததில் இருக்கும் என்று கம் மென்றே தாடை தேய்ந்தார்கள். அச்சடிக்காத அட்டையை எந்தப் பாக்கெட்டில் தேடுவது? புகார்க் கடிதங்கள் குவிந்தபின் 1934இல் நாப் லாஜவே என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தோடு 106ஐ அடித்து, எழுதிக் கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அந்த ஓராண்டில், உலகத்திலேயே இல்லாத ஓர் அட்டை மற்ற எல்லா அட்டைகளையும் விற்றுக் கொடுத்தது.

இப்போது மாற்றுவியல். இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. 1950களின் ப்ரூக்ளின் தெருவொன்றில் வாசற்படியில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கொள்க. ஒருவன் தன் கட்டை ரப்பர் பேண்டிலிருந்து விடுவித்து, ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். மற்றவன் பார்த்துக்கொண்டே ஓதுகிறான்: இருக்கு, இருக்கு, இருக்கு, வேணும், இருக்கு. அட்டை மாற்றும் பையன்களின் இந்த மந்திரத்தில் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. "இருக்கு" என்பதில் சுருதி ஏறாது, இறங்காது. "வேணும்" மட்டும் தன்னை அறியாமல் அரைமாத்திரை நீளும். அந்த அரைமாத்திரையில்தான் பேரம் தோற்கிறது. எனவே தேர்ந்தவன் தனக்கு வேண்டிய அட்டை வரும்போது கொட்டாவி விடுவான். வேண்டாத அட்டையைக் கையில் எடுத்துப் பெருமூச்சு விடுவான். போகிறபோக்கில், "சரி, அந்த ஒடைஞ்ச மூலைக்காரனையும் சேர்த்துப் போட்டுடு" என்பான். உடைந்த மூலைக்காரனுக்காகவே அவன் வந்திருப்பான்.

மாற்று நடக்க ஒரே நிபந்தனை, இருவரின் பைத்தியமும் வேறு வேறாக இருக்க வேண்டும். நியூயார்க் நகரம் இதற்கென்றே படைக்கப்பட்டது. டாட்ஜர்ஸ், ஜயண்ட்ஸ், யாங்கீஸ் என்று அப்போது ஒரே ஊரில் மூன்று அணிகள். ஒருவனுக்குக் குலதெய்வம், அடுத்த தெருக்காரனுக்கு வெறும் அட்டை. டாட்ஜர்ஸ் பையனின் கையில் சிக்கிய யாங்கீஸ்காரர் சைக்கிள் சக்கரக் கம்பியில் துணிக்கிளிப்பால் மாட்டப்பட்டு, மோட்டார் சைக்கிள் மாதிரி படபடத்தே உயிர்விடுவார். விலை என்று ஒன்று கிடையாது; நட்பு, வஞ்சம், பசி ஆகியவற்றைப் பொறுத்து மதிப்பு மாறும். இரண்டு பேரும் மற்றவனை ஏமாற்றிவிட்ட பூரிப்போடு வீடு திரும்பிய அந்தப் பொற்காலத்தை முடித்துவைத்தவர், மேலே நாம் மரியாதையாக ஒதுக்கிவைத்த துறையிலிருந்தே வந்தார். ஜேம்ஸ் பெக்கெட், புள்ளியியல் பேராசிரியர். அவருடைய விலைப்பட்டியல் 1984இலிருந்து மாத இதழாகவே வந்தது. அதன்பிறகு பையன்கள் கொட்டாவி விடுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள்.

குடும்பவியலுக்கு வருவோம். டாப்ஸின் சை பெர்கர் ப்ரூக்ளினில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து வடிவமைத்ததாகச் சொல்லப்படும் 1952ஆம் வருஷத்து வரிசையில் 407 அட்டைகள். யாங்கீஸ் வீரர் மிக்கி மேன்டிலுக்கு எண் 311. 311 முதல் கடைசிவரை உள்ளவை பேஸ்பால் பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்ததால் பையன்கள் அவற்றைச் சீந்தவில்லை. மிஞ்சிய பெட்டிகள் கிடங்கை அடைக்கவே, 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக பெர்கரே பின்னாளில் சொன்னார். விற்றவற்றில் பலவற்றை, மகன் கல்லூரிக்கோ பட்டாளத்துக்கோ போன கையோடு, அம்மாக்கள் அலமாரியைச் சுத்தம் செய்து குப்பைக்கு அனுப்பினார்கள். 2022இல் அந்த மேன்டில் ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அவருடைய முதல் அட்டைகூட அல்ல அது. அதே கடைசித் தொகுதியில் மற்றவர்களில் பெரும்பாலோரைவிட அவரை இருமடங்கு அச்சடித்தும் இருந்தார்கள். ஆக, இந்தக் கோடிகளுக்குப் பாதிக் காரணம் கடல், மீதி விளக்குமாறு. பங்கு கேட்டு எந்தத் தாயும் வழக்குப் போடாதது அமெரிக்கச் சட்ட வரலாற்றில் ஒரு குறை.

அம்மாக்கள் வீசிய அட்டைகளின் விலை ஏறுவதைக் கேள்விப்பட்ட அடுத்த தலைமுறை 1980களின் பிற்பகுதியில் ஓர் அட்டையையும் தூக்கிப்போடவில்லை. பாக்கெட்டைப் பிரிக்காமலேகூடப் பூட்டிவைத்தார்கள். நிறுவனங்களும் மலைமலையாக அச்சடித்தன. எல்லாரிடமும் எல்லாம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் பரணில் அப்படியே இருக்கின்றன, வாங்கத்தான் ஆளில்லை. இருக்கு, இருக்கு, இருக்கு என்று மூன்றாம் சீரிலேயே மந்திரம் நின்றுவிட்டது.

கருதுகோளுக்கு அடங்காத ஒரே மனிதர் ஜெஃபர்சன் பர்டிக். சிரக்யூஸ் நகரத்துக்காரர், கைகால் மூட்டெல்லாம் வாதம், பிரம்மச்சாரி. பேஸ்பால் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை என்கிறார்கள். அமெரிக்க அட்டைகள் அத்தனைக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்து வகைப்படுத்திய தொல்காப்பியர் அவர். வாக்னரின் வரிசையை இன்றும் டி206 என்று அழைப்பது அவர் இட்ட பெயரால்தான். தன்னிடமிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்ததோடு நிற்காமல், வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்து, மடங்க மறுத்த விரல்களால் ஆல்பங்களில் ஒட்டிக்கொண்டிருந்தார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் காலமானார். அந்தச் சேகரத்தில் வாக்னரும் உண்டு. இன்று அட்டையை பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து, விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்து, ஒன்று முதல் பத்துவரை மதிப்பெண் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. பர்டிக் போட்டதோ பசை. அதற்கு எத்தனை மதிப்பெண் என்று அவர்களிடம் கேட்கும் துணிவு இவ்வாய்வாளருக்கு இல்லை.