அக்கவுன்ட்ஸ்ல சொல்லியிருக்கேன் சார்

ஆடிக் காற்றில் உட்கார்ந்துகொண்டு தீபாவளி லேகியத்தின் மகிமையைப் பற்றி ஒருவர் தீவிரமாக யோசித்தால் சந்தேகமே வேண்டாம். அவர் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்தான். மலருக்கு இப்போதே மேட்டர் போயாக வேண்டும். கார்த்திகையில் பொங்கல் வைப்பார். மாசியிலேயே கத்திரி வெயிலில் வாடுவார். பண்டிகைகள் இவருக்கு முன்கூட்டியே வந்துவிடும். அவற்றுக்கான பணம் மட்டும் அடுத்த பண்டிகைக்கு வரும்.

வீட்டிலேயே இருப்பதால் அபார்ட்மென்ட்டுக்கே இவர் பொதுச்சொத்து. “சும்மாதானே இருக்கீங்க அண்ணா, பார்சல் வந்தா வாங்கி வைங்க” என்று சொல்லி, நாலு வீட்டு ஓடிபி இவர் கையில்.

அந்தச் ‘சும்மா’வுக்குள் காலையில் ஒரு கிரானைட் அதிபரின் சுயசரிதை. அதிபர் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன கஷ்டத்தை இவர்தான் ‘நான்’ போட்டு எழுதுவார். மத்தியானம் நகைக்கடைக்கு அட்சய திருதியை விளம்பரம். சாயங்காலம், ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயோடு, சர்க்கரை நோய்க் கட்டுரை. ராத்திரி வாரபலன். அதில் தன் ராசிக்கு மட்டும் எந்தக் கிரகம் எங்கே போனாலும் ‘வர வேண்டிய பணம் வந்து சேரும்’. சுயசரிதை வெளியீட்டு விழாவில் அதிபர், “ராத்திரி பகலா கண்முழிச்சு எழுதினேன்” என்று தழுதழுப்பார். மூன்றாவது வரிசையில் முதல் கைதட்டல் நம்மவருடையது. பேலன்ஸ் பாக்கி இருக்கிறதே!

“சின்ன மேட்டர்தான் சார், நீங்க அரைமணியில தட்டிடுவீங்க” என்று போன் வந்தால், கத்துக்குட்டி உச்சி குளிர்ந்துபோவார். தொழில்காரர் மூன்றே கேள்வி கேட்பார்: எத்தனை வார்த்தை, எவ்வளவு, எப்போது? பாதி முன்பணமும் கேட்கத் தெரிந்தவர் இத்துறையில் ஞானி. தமிழ் சுமாராக இருந்தால் போதும். கேட்க வாய் கூசக் கூடாது.

சட்டமெல்லாம் இவருக்கு அத்துப்படி. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டு எழுத்தில் உரிமை உண்டு. உயிரோடிருக்கையில் செக் எத்தனை நாளில் வரும் என்றுதான் அதில் இல்லை. ஒரே இடத்திலிருந்து வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். வரி பிடித்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படும் ஒரே தொழில்காரர் இவர்தான்.

ஆனால் இவருடைய முழுத் திறமையும் இறங்குவது பாக்கி கேட்கும் வாட்ஸ்அப்பில். முதல் மெசேஜ், வெறும் விநாயகர் சதுர்த்தி வாழ்த்து. அடுத்தது, ‘இந்த இதழ் அட்டைப்படம் பிரமாதம்’. மூன்றாவதில் பழியைத் தன் பேங்க் மேலேயே போடுவார்: ‘என் கணக்கில்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது, ஒன்றும் ஏறவில்லை.’ நான்காவதில்தான் மானம் போகும். பதில் உடனே வரும்: “அக்கவுன்ட்ஸ்ல சொல்லியிருக்கேன் சார்.” இந்த அக்கவுன்ட்ஸ் கடவுள் மாதிரி. எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், யாரும் பார்த்ததில்லை.

உருக்கம், உத்தி, எள்ளல் எல்லாம் கூடிவந்த இந்தக் கடிதங்களைத்தான் பின்னால் யாராவது தொகுக்க வேண்டும். அவற்றுக்கும் 60 ஆண்டு உரிமை உண்டு. வாரிசுகள் ராயல்டிக்கு அக்கவுன்ட்ஸில் கேட்டுக்கொள்ளலாம்.