இரண்டு முறை கேட்ட ஜெபம்

கேள்வி: லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கூரையிலிருந்து காளான் காளானாகத் தொங்குகிறதே, அது என்ன அலங்காரம்?

பதில்: அலங்காரமா? வைத்தியம்! 1871-ல் திறப்பு விழாவன்றே பிஷப் செய்த ஜெபம் கூரையில் மோதித் திரும்பி வந்தது. கடவுளுக்கு வேண்டுமானால் வசதியாக இருந்திருக்கும், சங்கீதக்காரர்கள் நொந்துபோனார்கள். பிரிட்டிஷ் இசையமைப்பாளர் தன் படைப்பை இரண்டாம் முறை கேட்க வாய்ப்புள்ள ஒரே இடம் இதுதான் என்று கேலி வேறு. கிட்டத்தட்ட நூறு வருடம் பொறுத்து, 1969-ல்தான் கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கினார்கள். இசை மட்டுமல்ல, 1991-ல் அங்கே சுமோ மல்யுத்தமே நடந்தது. (அதற்கு எதிரொலி இருந்தால்தான் என்ன?)

இன்னொரு விசேஷம்: அரங்கத்தைக் கட்டும் செலவுக்காக ஆரம்பத்தில் இருக்கைகளை 100 பவுண்டுக்கு ஒன்றாக, 999 வருடக் குத்தகைக்கு விற்றார்கள். இன்னும் 800 வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது.