வெலிமடை லயத்துத் திரைநோக்கு: மெய்ப்பாட்டியல் வழியில் ஓர் ஆய்வு

ஒரு படம் எந்த வகை என்று தீர்மானிப்பவர் எடுத்தவரா, பார்த்தவரா என்பது இன்னும் தீராத வழக்கு. இந்த ஆய்வாளர் பார்த்தவர் கட்சி. சென்னையில் ‘குடும்பப் படம்’ என்று முத்திரை குத்தி அனுப்பிய சரக்கு, வெலிமடைக்கு மேலே உள்ள ஒரு லயத்துக் காம்பராவுக்குள் வந்து சேரும்போதும் அதே வகையாக இருக்கும் என்பதற்கு யாரும் ஜாமீன் தருவதில்லை.

தொல்காப்பியர் வழியில் முதல், கரு, உரி என்று தொடங்குவதே முறை. நிலம்: நுவரெலியாவிலிருந்து ஹக்கல, கெப்பட்டிபொல வழியாகப் பதுளைக்கு இறங்கும் பாதையின் இரு பக்கத்து மலைகள். பொழுது: போயா லீவு, அல்லது சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை இரவு. கருப்பொருள்: ரொட்டி, கட்டச்சம்பல், பிளேன்டீ, டிஷ் பெட்டி, போன் கடையில் படம் ஏற்றி வந்த பென் டிரைவ், ஸ்தோப்பில் சுருண்டு கிடக்கும் நாய். உரிப்பொருள்: கரண்ட் போதலும் போதல் நிமித்தமும். தியேட்டரை இந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. பதுளைக்குப் போய்ப் பகல் காட்சி பார்த்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடும். அரைப்பேர் போனவன் எந்தப் படத்தையும் நடுநிலையோடு பார்த்ததாக வரலாறு இல்லை.

முதலில் சூப்பர் ஹீரோ. மருட்கை, அதாவது வியப்பு, நான்கு இடத்தில் பிறக்கும் என்கிறது மெய்ப்பாட்டியல்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஹாலிவுட்காரர்கள் இந்த நான்கில் பெருமையை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்தவர்கள். பெரிய கட்டடம், அதைவிடப் பெரிய வெடி. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ (2019) மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, அது விளங்க, முன்னால் வந்த 21 படங்களையும் பார்த்திருக்க வேண்டுமாம். எங்கள் பெரியம்மா ஒன்றையும் பார்க்காமலே உட்கார்ந்தார். கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கியதும் கேட்டார்: “ஏன்டா, இவனுங்க ஒடைக்கிற வீட்டுக்கெல்லாம் யாருடா காசு குடுக்குறது?”

இதைப் பாமரக் கேள்வி என்று தள்ளக் கூடாது. ஏழு பேர்ச் காணிக்கும் அதில் ஒரு தனி வீட்டுக்கும் தலைமுறை தலைமுறையாகக் காத்திருப்பவர்களின் அழகியல் அது. அதற்கு இதிகாச ஆதாரமும் இருக்கிறது. வெலிமடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் சீதா எலிய. அங்கே மண் கறுத்திருப்பதற்கு அனுமார் வைத்த தீயே காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பறந்து வந்த வீரன் நல்ல காரியத்துக்குத்தான் வந்தார். சீதையம்மன் கோயிலில் நாங்களும் அவரைக் கும்பிடுகிறோம். ஆனாலும் எரிந்தது இந்தப் பக்கம். ஆகவே சூப்பர் ஹீரோ படங்களைச் சேதத்தின் பக்கம் நின்று பார்க்கும் மரபு உலகில் முதலில் தோன்றியது ஊவா மலைச்சாரலில்தான் என்று இக்கட்டுரை துணிகிறது. 2025 இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில் பிள்ளைகளுக்குப் பிடித்தது நாய் மட்டும். ஸ்தோப்பு நாய்க்குச் சிவப்புத் துண்டு கட்டிய சம்பவம் பின்னிணைப்புக்கு உரியது.

சிறுமையில் வியப்பைத் தேடிய படங்களுக்கே இங்கு மதிப்பு. பேசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’ (2021) ஒரு சின்ன ஊரையும் ஒரு தையல்காரனையும் வைத்துக்கொண்டு, நியூயோர்க் செய்யாததைச் செய்தது. வில்லன் டீக்கடையில் வேலை செய்பவன். கொழுந்து எடுப்பவர்கள் அவனை வில்லனாக ஏற்க மறுத்து, கடைசிவரை அவனுக்காகவே உச்சுக்கொட்டினார்கள். மின்னல் தாக்கிச் சக்தி வருவதுதான் நம்ப முடியாத இடம். ஐப்பசியில் பின்னேர இடி எங்களுக்குப் புதிதில்லை. இங்கே மின்னல் யாருக்கும் சக்தி தந்ததில்லை, டிஷ் பெட்டியின் உயிரைத்தான் வாங்கியிருக்கிறது. ‘மாவீரன்’ (2023) படத்தில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டில் சுவர் பெயர்ந்து கையோடு வந்தபோது, வியப்பு என்ற மெய்ப்பாடு எவர் முகத்திலும் தோன்றவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

குடும்பப் படத்தில் இந்த ஆய்வு நின்று நிதானிக்க வேண்டியது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025). அபிஷன் ஜீவிந்த் இயக்கம், சசிகுமாரும் சிம்ரனும். நெருக்கடியில் இலங்கையை விட்டு, படகில் ராமேஸ்வரம் இறங்கி, சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பம். 2022 இல் காஸ் வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் நின்ற கால்கள் அந்தப் படத்தின் முன்னால் மடங்கி உட்கார்ந்தன. வாயைத் திறந்தால் இலங்கைத் தமிழ் வந்துவிடும், வந்தால் மாட்டிக்கொள்வார்கள் என்பது முடிச்சு. எல்லோரும் அழுதோம். அழுது முடித்ததும் ஆய்வு மனம் விழித்தது: அந்தப் படகில் வெலிமடைக் குடும்பம் ஒன்றை ஏற்றியிருந்தால்? எங்கள் பேச்சைக் கேட்டு எந்தச் சென்னைப் பொலிஸ்காரரும் திரும்பிப் பார்க்க மாட்டார். மதுரைப் பக்கம், திருச்சிப் பக்கம் என்று எதைச் சொன்னாலும் செல்லும். இடைவேளைக்கு முன்பே படம் முடிந்து, பொப்கோர்ன் கடைக்காரர் நட்டப்பட்டிருப்பார். இலங்கைத் தமிழர் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுவார்கள் என்ற கோடம்பாக்கத்து நம்பிக்கை, 200 ஆண்டு மலையகத்தை ஒரு வசனத்தில் காணாமல் ஆக்கிவிடுகிறது.

ஆனால் இந்த எடுகோளுக்கு எதிர்ச்சான்றும் உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், முறையான கடதாசிகளோடு, அதே பேச்சோடு போனவர்கள் நீலகிரியில் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். நாக்கு காட்டிக்கொடுக்காவிட்டாலும் வேறு ஏதோ காட்டிக்கொடுக்கும் போல. அதைப் படமாக எடுக்க வருபவருக்கு இரண்டாம் பாதி தயாராகக் கிடைக்கிறது. சசிகுமாரே நடிக்கட்டும், மறுப்பில்லை.

அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. ‘குடும்பஸ்தன்’ (2025) படத்தில் மணிகண்டன் வேலை இழந்து, அதை மறைத்து, கடன்மேல் கடன் வாங்கி, மச்சானிடம் அவமானப்படுகிறார். இளிவும் வறுமையும் பேர் தவறாமல் பெரட்டுக்கு வந்து நிற்கின்றன. வர வேண்டிய அழுகையோ வரவில்லை, காம்பரா அதிரச் சிரித்தார்கள். அந்த மச்சான் குரு சோமசுந்தரம், முன் சொன்ன டீக்கடை வில்லன் அவரேதான். நம் காலத்துச் சூப்பர் வில்லன் சொந்தக்கார மச்சான்தான் என்பதை இதற்கு மேலும் நிறுவ வேண்டியதில்லை.

நகைச்சுவைக்கு நீளமான ஆராய்ச்சி வேண்டாம். 2012 இல் எடுத்த ‘மதகஜராஜா’ 2025 பொங்கலுக்கு வந்து ஓடியது. கெப்பட்டிபொல சந்தையில் 12 நாள் கிடந்த லீக்ஸை மாட்டுக்குத்தான் போடுவார்கள். 12 வருடம் கிடந்த சந்தானத்தின் பகிடிக்கு ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பழைய பகிடிக்குச் சிரித்தார்களா, புதிய பகிடிகளின்மேல் இருந்த கடுப்பில் சிரித்தார்களா என்பதில் இவ்வாய்வாளருக்குச் சந்தேகம் உண்டு.

இந்த வகைப்பாடு முழுவதையும் அப்பாயியிடம் வாசித்துக் காட்டியபோது, ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) எந்த இயலில் வருகிறது என்று கேட்டார். அதில் குடும்பம் இருக்கிறது, நாகேஷ் இருக்கிறார், சாட்டையோடு நம்பியாரை வெளுக்கும் ஒருவரும் இருக்கிறார். “மூனும் ஒரே டிக்கட்டுல. அவரு கண்டியில பொறந்த ஆளு, தெரியும்ல?” எனவே மூன்று வகையும் மலையகத்து உடம்பு ஒன்றிலிருந்தே கிளைத்தன என்பது அவர் கருதுகோள். அதை மறுத்தால் அன்றைக்கு ரொட்டி கிடைக்காது என்ற காரணத்தால், ஆய்வாளரின் மறுப்புரை அடுத்த போயாவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.