கூட்டியதை ஏன் பிரிக்க வேண்டும்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் பல்லுறுப்புக்கோவையைக் காரணிப்படுத்தச் சொல்கிறார்கள். சேர்ந்திருப்பதை எதற்குப் பிரிக்க வேண்டும்?
— வாசகி, வெள்ளிமலை, கல்வராயன் மலை

பதில்: உங்கள் மலையில் மண்ணைப் பிளக்காமல் மரவள்ளிக் கிழங்கைப் பார்த்தவர் உண்டா?

கூட்டல் பூச்சியமானால் துப்பே கிடைக்காது. 5-ம் −5-ம் சேர்ந்தாலும் பூச்சியம், 80-ம் −80-ம் சேர்ந்தாலும் பூச்சியம். பெருக்கல் பூச்சியமானால் ஆள் அகப்பட்டார்: காரணிகளில் குறைந்தது ஒன்று பூச்சியம். சமன்பாட்டின் தீர்வு அங்கேதான் பிடிபடுகிறது.

இன்னொரு அழகும் உண்டு. இரு எண்களின் கனங்களைக் கூட்டினால், அவ்விரு எண்களின் கூட்டுத்தொகை அதில் காரணியாக இருந்தே தீரும். லண்டன் புட்னியில் நோயுற்றிருந்த நம் ராமானுஜன், பார்க்க வந்த கணிதவியலாளர் ஹார்டியிடம் பெருமையாகச் சொன்ன 1729-ஐ எடுங்கள். அது 12³ + 1³. ஆகவே 13 வகுக்கும். அதுவே 10³ + 9³; ஆகவே 19-ம் வகுக்கும். 13 × 19 = 247. மீதமுள்ள காரணி 7. நீண்ட வகுத்தலே இல்லாமல் மூன்று பகா எண்களும் கைக்கு வந்துவிட்டன!

கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் இறங்கும்போது 1001-ஐ மனதிலேயே பிரித்துப் பாருங்கள். அது 10³ + 1³.