எத்தனை அடி ஏறலாம்?

நவம்பர் 15 மிச்சிகன் மாநிலத்தில் அரசு விடுமுறை அல்ல. ஆனால் அன்றுதான் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் தொடங்குகிறது. சில பள்ளிக்கூடங்களே பூட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால், எல்லாரும் நம்மூர்க்காரர்கள். இந்த அவப்பெயரைத் துடைக்க நானும் வேட்டைக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. “துப்பாக்கி வாசப்படி தாண்டி உள்ளே வரக் கூடாது.”

வில்லைப் பற்றி அம்மணி எதுவும் சொல்லவில்லை. வில்லுக்கான பருவம் அக்டோபர் 1-ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது. அதோடு, இப்போதைய வில் புராணத்து வில் இல்லை. இரு முனையிலும் கப்பி வைத்த காம்பவுண்டு வில். மிசௌரிக்காரரான ஹோலஸ் வில்பர் ஆலன் 1969-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நாணை முழுக்க இழுத்துவிட்டால் பாரத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். ஊறுகாய் பாட்டிலைத் திறக்க மனைவியைக் கூப்பிடுகிற ஆண்களை நினைத்தே அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

வில் வந்தது. மரத்தில் பரண் கட்ட வேண்டும். எத்தனை அடி உயரத்தில்?

முப்பது என்றேன். மானுக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 பாகை பார்த்துவிடும். மூக்கோ கண்ணைவிடக் கெட்டி. அப்படிப்பட்ட பிராணியிடமிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறோமோ அவ்வளவு நல்லது அல்லவா?

பக்கத்து வீட்டுப் பெரியவர் சிறுவயதிலிருந்து வேட்டையாடுகிறவர். “நீ ஏற ஏற மான் சின்னதாகிக்கொண்டே போகும்” என்றார். பக்கவாட்டில் எய்தால் இரண்டு நுரையீரலும் ஒரே கோட்டில் கிடைக்கும். அதுதான் முறையான அடி. உச்சியிலிருந்து பார்த்தால் தெரிவது முதுகு. ஒரு நுரையீரல்தான் அகப்படும். அம்பு கீழ்ப்பக்கமாக வெளியேறாவிட்டால் ரத்தம் உள்ளேயே தேங்கிவிடும். தரையில் தடம் இருக்காது. அடிபட்ட மான் எங்கோ போய் வீணாகச் சாகும். பெரியவரின் அகராதியில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். முப்பது அடி என்பது பத்து கஜம். மான் அடிமரத்திலிருந்து பத்து கஜத்தில் நின்றால் அம்பு 45 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். இருபது அடி உயரமானால் சரிவு 34 பாகை. அதே இருபது அடியிலிருந்து இருபது கஜத்தில் நிற்கும் மானுக்கு வெறும் 18. பள்ளியில் படித்த கோணவியல் முதன்முறையாக உதவியது. உதவி செய்து என்னைப் பத்தடி இறக்கிவிட்டது.

இருபத்தைந்தாகவாவது வைத்துக்கொள்ளலாமே, வாசனை தலைக்கு மேலே போய்விடுமே என்று பேரம் பேசினேன். காலையில் வெயில் ஏறும்போது காற்று மேலெழும், உண்மைதான். சாயங்காலம் குளிர்ந்ததும் அதே காற்று சரிவு வழியே கீழே இறங்கி, நம் வாசனையை மானின் மூக்கிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உயரம் அதற்கு மாற்று ஆகாது. மணமில்லாத சோப்பில் என் சட்டையைத் துவைத்துக் கொடுத்தார் பெரியவர். பெருங்காயத் தாளிப்பை இருபத்தைந்து அடி கரைத்துவிடும் என்று யாராவது நம்பினால், அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை என்று பொருள்.

சரி, இருபது. பெரியவரின் ஓக் தோப்பில் ஒத்திகை. உடம்பு முழுவதும் வார்ப்பட்டை. மரத்தில் மேலிருந்து கீழ்வரை கயிறு. அதில் நாம் ஏற ஏற நகர்த்திக்கொள்ளும் முடிச்சு. விழுகிறவர்களில் பலர் ஏறும்போதோ இறங்கும்போதோதான் விழுகிறார்களாம். அதனால் கால் தரையை விட்டதும் கட்டு, திரும்பத் தரையைத் தொடும்வரை அவிழ்க்காதே. வில்லைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறக் கூடாது; மேலே போய் உட்கார்ந்த பிறகு கயிற்றில் இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஏறினேன். “இப்போது வில்லைக் கையில் எடு. கையைத் தாழ்த்தாதே. இடுப்பை வளைத்து, வார்ப்பட்டையில் சாய்ந்து, கீழே குறி பார்” என்று குரல் வந்தது. நான் பலாப்பழமாக அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். வில்லுக்கு இரண்டு கை வேண்டும். மரத்துக்கும் இரண்டு கை வேண்டும். கடவுள் எனக்குக் கொடுத்தது மொத்தமே இரண்டு.

“பதினாறு அடியும் நல்ல உயரந்தான்” என்றார் பெரியவர் கருணையோடு. அக்டோபர் கடைசியில் இலைகள் உதிர்ந்துகொண்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் கிளையோ கவையோ இல்லாமல் முப்பது அடியில் உட்கார்ந்தால் வானத்தில் ஒட்டிய சுவரொட்டிதான். பின்மறைப்பு பதினாறில் இருந்தால் பதினாறே சரி. உயரத்தை மரம்தான் சொல்லும். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது, ஆனால் அசைவு தப்பாது; அசையாமல் இருந்தால் போதும் என்றார். பதினாறடியில் நான் அசையவே இல்லை. முழங்கால்கள் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

இரவு சாப்பாட்டின்போது விசாரணை.

“ஏங்க, ராமர் மாரீசனை எங்கே நின்னு அடிச்சார்?”

“தரையில.”

“வாலியை?”

“மரத்துக்குப் பின்னால.”

“பின்னாலதானே? மேல ஏறலையே? கறி வந்தா குழம்பு, வராட்டி சாம்பார். பேசாம கீழேயே உட்காருங்க.”

தயங்கித் தயங்கிப் பெரியவரிடம் சொன்னேன். தரையில் அடிக்கும் மறைப்புக் கூடாரம் ஒன்று அவரிடமே இருந்தது. உள்ளே கறுப்புத் துணி, நாலு பக்கமும் சன்னல். பருவம் தொடங்குவதற்கு முன்பே அடித்து, மேலே கிளைகளைப் போட்டு, மான்கள் பார்த்துப் பழக விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஆக, உயரம் பூஜ்யம் என்று முடிவாயிற்று. உள்ளே உட்கார ஒரு முக்காலி வேண்டுமாம். அம்பு சன்னல் விளிம்பில் இடிக்காத உயரத்தில் அது இருக்க வேண்டுமாம். அதைப் பற்றி இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.