குறட்டையும் குக்கீயும்

என் மனைவி குறட்டை விடுவாள். இதை அவளிடம் சொல்லும் தைரியம் இல்லாததால், ஒரு ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இணையத்திடம் சொன்னேன். பிரைவேட் மோடில்தான். மறுநாள் காலை அவள் போனில் மூக்குக் கிளிப் விளம்பரம். மத்தியானம் தாடையைக் கட்டும் பட்டை. சாயங்காலம் சாய்வுத் தலையணை, தள்ளுபடி விலையில்.

"ஏங்க, உங்க குறட்டைக்கு யாரோ என் போனுக்கு மருந்து அனுப்பிட்டே இருக்காங்க" என்றாள்.

உங்க குறட்டைக்கு! நான் மறுக்கவில்லை. நல்ல சமயத்தில் வாயை மூடிக்கொள்வதும் குடும்பப் பாதுகாப்புதான்.

எங்கள் திருமுல்லைவாயல் வீட்டில் நாலு போன், ஒரு லேப்டாப், எல்லாவற்றுக்கும் ஒரே வைஃபை. வெளியிலிருந்து பார்த்தால் அத்தனைக்கும் ஒரே ஐபி முகவரி. அதை வைத்தே இவையெல்லாம் ஒரே குடும்பம் என்று விளம்பரக் கம்பெனிகளால் ஊகிக்க முடியும். ரேஷன் கார்டில் ஒரு பேர் சேர்க்க நாம் அலைகிற அலைச்சல் அவர்களுக்குக் கிடையாது.

பிரைவேட் மோடு என்பது ஹிஸ்டரியை வீட்டாரிடமிருந்து மறைக்கும், அவ்வளவுதான். வெளியே இருப்பவர்களுக்கு அது திறந்த வாசல். குரோமில் இதற்குத் தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒரு துப்பறிவாளர் படம் வேறு. இதை நம்பியவர்கள் அமெரிக்காவில் 2020இல் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2024இல் சமரசமாகி, நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. ஆக, வீட்டுக்குத் தெரியாதது ஊருக்குத் தெரியும். ஊர் அதை விளம்பரமாகப் போட்டு வீட்டுக்கே சொல்லிவிடும். நமக்கு வேண்டியது ஊர் வாயை அடைக்கிற பிரவுசர்.

தேட ஆரம்பித்தால் பேர்கள் கொட்டுகின்றன. ஆனால் குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது குரோமியம் என்கிற ஒரே அடித்தளம்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே லேத் பட்டறை மூன்று கம்பெனிக்கு போல்ட் அடித்துக் கொடுப்பது போல. அட்டைப்பெட்டியில் பேர்தான் மாறும். எந்தப் பெட்டியில் ஒட்டுக்கேட்கிறவனை வெளியே தள்ளியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஐபோன்காரர்களுக்கு எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. நம் நாட்டில் அதில் எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின்.

நம்ம ஊர்ச் சரக்கு ஒன்று உண்டு: சோஹோ 2023இல் வெளியிட்ட உலா. அதுவும் குரோமியம்தான், ஆனால் பின்தொடரும் டிராக்கர்களைத் தடுக்கிறது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025இல் முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய், சோஹோவுக்குத்தான். வேலைக்கு, வீட்டுக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி மோடு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் மோடைப் பார்த்த என் மகன், "அப்பாவுக்கு இதையே போட்டுடலாம்" என்றான்.

லேப்டாப்புக்கு நான் எடுத்தது ஃபயர்ஃபாக்ஸ். எஞ்சின் அதனுடைய சொந்தம். யுபிளாக் ஆரிஜின் என்கிற விளம்பரத் தடுப்பானை குரோம் தன் புது விதிகளால் வெளியே அனுப்பிவிட்டது. இங்கே அது இன்னும் ராஜா. ஒரே நெருடல்: ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுக்கும் காசு, தேடல் பெட்டியில் தன் பேர் இருப்பதற்காக. கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுள் காசில் ஓடும் பிரவுசர். கூட்டணி அரசியலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

டோர் என்று ஒன்று, மூன்று கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். பத்திரம்தான். ஆனால் கடைசிக் கம்ப்யூட்டர் ஜெர்மனியில் இருந்தால், பேங்க் தளம் உங்களை அங்கிருந்து வரும் திருடனாக நினைக்கும்.

போனுக்கு பிரேவ். புதுப் பக்கம் திறந்தால் இத்தனை டிராக்கர் தடுத்தேன், இவ்வளவு நேரம் மிச்சம் பிடித்தேன் என்று கணக்குக் காட்டும். மனைவி எட்டிப் பார்த்தாள். "அவ்வளவு நேரம் மிச்சமா? அப்ப மாவு அரைச்சுட்டு வந்துடுங்க." கணக்கை மறைக்க செட்டிங்ஸில் வழி இருக்கிறது. குடும்பஸ்தர்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

நான் பிரவுசர் மாற்றிய விஷயம் மாடி வீட்டு சார் காதுக்குப் போயிற்று. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டால், "ஏதோ வேலை தம்பி." அவர் சம்சாரத்துக்கே "ஃபிட்டிங்" என்பதற்கு மேல் தகவல் இல்லை. அப்பேர்ப்பட்டவர், போன் எதைக் கேட்டாலும் "அலவ்" அமுக்குவார். டார்ச் லைட் ஆப் ஒன்று அவருடைய கான்டாக்ட்ஸ் அத்தனையும் கேட்டது, கொடுத்துவிட்டார்.

"ஏன் சார் கொடுத்தீங்க?"

"மரியாதையா கேட்டுச்சு தம்பி."

அவருக்கு ஃபயர்ஃபாக்ஸ் ஃபோகஸ் போட்டுக் கொடுத்தேன். அதில் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று. அமுக்கினால் பார்த்த தடமெல்லாம் அழிந்துவிடும். முப்பது வருஷ வாழ்க்கைக்கு ஏற்ற பொத்தான். சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும் அழிக்கிறார், ராசிபலன் பார்த்தாலும் அழிக்கிறார். பென்ஷன் பார்ப்பதும் அதில்தான். லாகினும் சேர்ந்து அழிவதால் ஒவ்வொரு தடவையும் புதிதாக உள்ளே போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஓடிபி. ஓடிபி வருவதோ சம்சாரத்தின் போனுக்கு. அந்த அம்மா அந்நேரம் கீழே கேட்டருகே பூ வாங்கிக்கொண்டிருப்பார்.

"ஏங்க, எட்டு, சைபர், நாலு..."

மேலிருந்து, "என்ன?"

பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, தெருமுனைக்கே கேட்கிற குரலில் உதவிக்கு வருவார்: "சாருக்குக் காது கேக்கல போல. சார்! எட்டு! சைபர்! நாலு!"