வாலறுப்பும் 73939133-உம்: ஒரு முன்னாய்வு

அடங்காத பிள்ளையை ‘வாலை ஒட்ட நறுக்கிவிடுவேன்’ என்று மிரட்டாத வீடில்லை. நறுக்கிய பின் அந்தப் பிள்ளையில் என்ன மிஞ்சும் என்பதை மட்டும் எவரும் முறைப்படி ஆராயவில்லை. பிள்ளைகளை வைத்துச் சோதிக்க எந்த அறநெறிக் குழுவும் ஒப்பாது. ஆகவே எண்களைப் பிடித்தோம்.

வரையறை: ஓர் எண்ணின் கடைசி இலக்கமே அதன் வால். சோதனைக்கு வந்தவர் 73939133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். பகா எண். வாலை நறுக்கினோம்: 7393913. பகா எண்தான். மறுபடி நறுக்க 739391, பிறகு 73939, 7393, 739, 73, 7. ஏழு வெட்டுக்கும் பிறவிக்குணம் போகவில்லை. மயக்கமருந்து எதுவும் தரப்படவில்லை என்பதையும் பதிவுசெய்கிறோம்.

பதின்ம முறையில் இப்படிப்பட்டவர்கள் மொத்தம் 83 பேர். அவர்களில் பெரியவர் இவர். காரணம் சிக்கனம். வாலாக இரட்டைப்படை இலக்கம் வந்தால் 2 வகுத்துவிடும், 5 வந்தால் 5 வகுத்துவிடும். மிஞ்சுவன 1, 3, 7, 9. இவற்றில் 3, 9 இரண்டும் இலவசம்: எத்தனை ஒட்டினாலும், எண்ணை 3ஆல் வகுத்தால் வரும் மீதியை மேலும் கூட்டாது. 1, 7 இரண்டும் ஆடம்பரம்; ஒவ்வொன்றும் மீதியில் ஒன்றைக் கூட்டும். மீதி 3ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. 7இல் பிறந்தவருக்கு மீதி 1. எனவே ஆயுளில் ஒரேயொரு ஆடம்பரம்தான் கட்டுப்படியாகும். நம்மவர் ஆறாம் இலக்கம்வரை கையை இறுக்கிக்கொண்டிருந்து, அங்கே ஒரு 1 வாங்கினார். ஒன்பதாம் இலக்கத்துக்கு 1ஓ 7ஓ வாங்கினால் 3 வந்து வகுக்கும். இலவசத்தை நம்பி 3, 9 ஒட்டினாலும் பகு எண்தான் வருகிறது.

‘மனிதனுக்கு எட்டு விரல் இருந்திருந்தால் இந்தப் பெருமை என்னாகும்?’ என்பார் உண்டு. ஒன்றுமில்லாமல் போகும். அடிமானத்தை மாற்றினால் வால் எங்கே என்பதே மாறிவிடும். இந்தக் கேள்வியை நாங்கள் விரும்பவில்லை.

தலைவெட்டு தனித் துறை. ஏஞ்சல், காட்வின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1977இலேயே இதில் கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். இடப்பக்கமிருந்து ஒவ்வோர் இலக்கமாக வெட்டினாலும் பகா எண்ணாகவே நிற்பவற்றில், சுழியம் கலவாதவை 4260; பெரியது 357686312646216567629137, 24 இலக்கம். வால் நிலையாக இருப்பதால் முன்னால் 1 முதல் 9வரை எதையும் ஒட்டிப் பார்க்கலாம். அதனால்தான் இவ்வளவு கூட்டம். தலை போனால் பிழைப்போர் 4260, வால் போனால் பிழைப்போர் 83. உடலுறுப்புகளில் எது முக்கியம் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு வெட்டையும் தாங்குபவர்களில் பெரியவர் 739397. அவரும் நம்மவரும் 73939 வரை ஒரே குடும்பம். அதன் பிறகு நம்மவர் 1 வாங்கினார், அவர் 7 வாங்கினார். அந்த முதல் ஐந்து இலக்கமும் எந்தத் துறைக்குச் சேரும் என்று இரண்டு துறைகளுக்கும் பங்காளிச் சண்டை தொடங்கிவிட்டது.